நம்ம ஊர் எண்பதுகள்

அன்பு மாப்ள,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். எனக்கும் வீட்டு வேலை காண்ட்ராக்ட் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ உள் அலங்காரம் செய்கிற அந்தக் காபிக் கடைக்கு ஓனர் எண்பதுகள் ஸ்டைல் கேட்கிறார், மூன்று மாதிரி போட்டிருக்கிறேன், எது நன்றாக இருக்கிறது சொல் என்று கேட்டிருந்தாய். மூன்றுமே கண்ணுக்கு அழகுதான், ஆனால் எந்தப் படத்திலும் நம்ம ஆள் யாரும் இருந்த மாதிரியே தெரியவில்லை. ரோஸும் ஊதாவும் கலந்த நியான் விளக்கு அமெரிக்காவில் மயாமி பக்கத்து ராத்திரி. அந்தக் கோணல்மாணல் மேசையும் பளிச்சென்ற லேமினேட்டும் மெம்ஃபிஸ் என்ற டிசைனர் குழுவின் பாணி என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், எத்தோரே சோட்சாஸ் கூட்டிய ஆட்கள், 1981ல் மிலானில் முதல் கண்காட்சி வைத்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்காகச் சென்னையில் ஒரு கடைக்குள் நுழைகிறவனுக்கு மிலான் எதற்கு ஞாபகம் வர வேண்டும்?

பாட்டு விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை பார். 2008ல் ‘சுப்ரமணியபுரம்’ படம் வந்தபோது அதில் பழைய ‘சிறு பொன்மணி’ ஒலித்ததும் தியேட்டரே அடங்கிப்போனது, 1980ல் வந்த பாட்டு அது. 2024ல் ‘லப்பர் பந்து’ படம் வந்த பிறகு, அதில் வருகிற விஜயகாந்தின் ‘பொன்மன செல்வன்’ படப் பாட்டு இல்லாத கிரிக்கெட் டோர்னமென்ட்டே இந்தப் பக்கம் கிடையாது. அது 1989ல் வந்த பாட்டு, இன்றைக்கு அதைப் போட்டு ஆடுகிற பையன்கள் பாதிப் பேருடைய அப்பாவுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்காது. விஜயகாந்த் போய்ச் சேர்ந்த மறு வருஷம் என்பதால் எனக்கு அந்தப் பாட்டு வரும் காட்சியில் தொண்டை அடைத்துக்கொண்டது. வெளிநாட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. கேட் புஷ் என்ற பாடகி 1985ல் பாடிய ஒரு பாட்டு, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்ததால் 2022ல் பிரிட்டனில் முதல் இடத்துக்குப் போனது, மகள்தான் சொன்னாள். அவள் கேட்கிற புதுப் பாட்டுகளிலும் 1983ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் மணிச் சத்தம் மாதிரி ஒன்று அடிக்கடி கேட்கிறது. இளையராஜா ‘புன்னகை மன்னன்’ செய்த 1986ல் கம்ப்யூட்டரை இசைக்குள் கொண்டுவந்தது பெரிய துணிச்சல், ஆனால் வயலின் கூட்டத்தை அவர் வெளியே அனுப்பவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பாட்டுகள் இன்னும் பழசாகாததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பாட்டு திரும்பி வரும்போது அந்தப் பாட்டே முழுசாக வருகிறது. வீட்டு அலங்காரத்தில்தான் யாரோ ஒருவருடைய எண்பதுகளை வாங்கி நம்ம சுவரில் ஒட்டுகிறோம்.

நம்மளுடையது எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசி மாப்ள. வாப்பா சவூதியிலிருந்து வந்த அன்று பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் பொத்திக் கொண்டுவந்த டூ இன் ஒன் ரேடியோ கேசட் பிளேயர், அதற்கு உம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. சாயங்காலம் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் பேச்சு வேகம், அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி. 1982ல் இலங்கையின் ரூபவாஹினி டிவி தொடங்கிய பிறகு டிவி இருந்த வீட்டு மொட்டை மாடியில் எல்லாம் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, “தெரியுதா, தெரியுதா” என்று மேலேயிருந்து ஒருவர் கத்த, கீழேயிருந்து பத்துப் பேர் பதில் சொல்வோம். ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோமே, அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்தான், கடைசிப் பாட்டு சரணத்தோடு அறுந்துவிடக் கூடாது என்று நீ நிமிஷக் கணக்குப் பார்த்து எழுதுவாய். பஜாரில் உன் லிஸ்டைக் காப்பியடித்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷங்கள் இந்தக் கரையில் எல்லாமே டிஸ்கோவாக இல்லை. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கையில் ஒரு பையோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களை நாம் பார்த்தோம், மண்டபம் அகதி முகாம் நிறைந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல் நின்றதும் அந்தப் பத்தாண்டில்தான். ரேடியோவில் பாட்டுப் போட்ட அதே கரையிலிருந்து ஜனங்கள் அழுதுகொண்டு வந்தார்கள். அதனால் யாராவது எண்பதுகள் என்றால் ஜாலி என்று மட்டும் சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. கடைச் சுவரில் இதை எழுதச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொண்டு செய் என்கிறேன்.

இப்போது உனக்கு நிஜமாகவே பயன்படுகிற சமாச்சாரம். நம்ம தெருவில் வளைகுடாப் பணத்தில் அப்போது கட்டிய வீடு ஒன்றை மராமத்துக்கு எடுத்திருக்கிறேன். ஹால் முழுக்க மொசைக். வெள்ளை சிமென்டில் லேசாகப் பச்சை கலந்து, உள்ளே கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக மார்பிள் சிப்ஸ், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் நூல் மாதிரி கண்ணாடிப் பட்டை. வாசல் ஓரம் நாற்பது வருஷமாக மிதிபட்ட இடத்தில் சிப்ஸ் இன்னும் நன்றாக மெருகேறி, உள்ளங்கை வைத்தால் ஈரம் மாதிரி குளிர்கிறது. சுவரில் சன்மைக்கா ஒட்டிய ஷோகேஸ், அதற்கு இழுவைக் கண்ணாடி. மாடிப்படிப் பக்கம் கடல் காற்று வர சிமென்ட் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையாக வார்த்த தடுப்பு. ஜன்னல் கிரில்லில் உதயசூரியன் மாதிரி கம்பி. நாலு ஒயர் நாற்காலி, அதில் ஒன்றுக்கு மட்டும் ஒயர் அறுந்திருக்கிறது. இது அத்தனையும் எண்பதுகள்தான், வாங்கி வைத்தது இல்லை, வாழ்ந்தது. வீட்டுக்காரர் பிள்ளைகள் இதன் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள், ஷோகேஸை உடைத்துப் போடச் சொல்கிறார்கள். நீ அனுப்பிய மூன்றாவது மாதிரியில் டெரசோ என்று போட்டு ஒரு சதுர அடிக்கு ஒரு விலை எழுதியிருந்தாயே, அது இதே தரைதான் மாப்ள. அங்கே கப்பலில் வரவழைக்கிற சாமானை இங்கே நான் மூடப் போகிறேன், வயிறு எரிகிறது.

கிரில், ஜாலி, ஷோகேஸ், நாற்காலி எல்லாவற்றையும் உனக்குத் தருவதாக வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், லாரி வாடகை மட்டும் உன்னுடையது. கிரில்லில் உப்புக் காற்றுத் துரு ஏறியிருக்கும், சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தால் போதும். தரையைப் பெயர்த்துக் கொடுக்க முடியாது, ஆனால் அப்போது அந்தத் தரையைப் போட்ட மேஸ்திரியிடம் கூட நின்று தொழில் படித்தவர் ஒருவர் பெரியபட்டினத்தில் இருக்கிறார், இப்போது டைல்ஸ் வேலைக்குப் போகிறார். கேட்டேன், சென்னைக்கு வரத் தயார் என்றார், முகமே மாறிவிட்டது. அவரோடு தேய்க்கிற மிஷின்காரர் ஒருவரும் வர வேண்டும். உன் ஓனரிடம் முன்னாலேயே சொல்லிவிடு, இது ஒட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை, கலவையைப் போட்டு உருட்டி, தண்ணீர் கட்டி இறுகவிட்டு, கல் மாற்றி மாற்றித் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் போட்டுக் கழுவி, மெழுகு பிடிக்கிறவரைக்கும் நாள் ஆகும். அவசரப்படுத்தினால் வெடிப்பு விழும்.

ஹாலில் டைல்ஸ் வேலையை அடுத்த மாதம் கடைசி வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு நடை வந்து தரையைக் கண்ணால் பார், அந்தப் பிள்ளைகளிடம் நீயும் ஒரு வார்த்தை பேசு, சென்னைக்காரன் சொன்னால் கேட்பார்கள். கடையில் என்ன பாட்டுப் போடுவது என்ற லிஸ்டை நீயே எழுது, அதில் நான் தலையிட மாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்
கீழக்கரை