மக்ளே, உன் நோட்டுல இன்னும் எழுதிட்டுதான் இருக்கேன்

மக்ளே,

சொகமா இருக்கியா. நைட் டூட்டி மாறிட்டுன்னு அம்மா சொன்னா, எப்ப தூங்குவ எப்ப முழிப்பன்னு தெரியாம போன் போட்டு எழுப்பவேண்டாம்னுதான் இத டைப் பண்ணி அனுப்புறேன், டியூட்டி முடிஞ்சு சாப்பிட்டுட்டு பைய வாசி. இங்கன ஐப்பசி மழை பிடிச்சிட்டு. ஆடி மாசம் முழுக்க ஆரல்வாய்மொழி கணவாய் வழியா அடிச்ச காத்து இப்ப ஓய்ஞ்சு போய் கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் சும்மா நிக்குது, முப்பந்தல் பக்கம் போனா அந்த சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருக்கு.

நீ மஸ்கட்ல இருந்து அனுப்புன முள்வால் ஓணான் போட்டோவ பிரிண்ட் போட்டு உன் நோட்டுக்குள்ள வச்சிருக்கேன். அது பெரும்பாலும் செடிய தின்னுதான் வாழும்னு நீ சொன்னத அம்மா நம்பவே இல்ல, ஓணான்னா பூச்சிதான திங்கும்னு கேக்கா.

நோட்டுன்னு சொன்னேன்ல, பிரவுன் அட்டை போட்டு பீரோ மேல்தட்டுல நீ விட்டுட்டுப் போன அந்த லாங் சைஸ் நோட்டுதான். ரிட்டயர் ஆன பொறவு ரெண்டு வருசமா அதுலதான் எழுதுறேன், உன்கிட்ட சொல்லல, சொல்லணும்னு பல தடவ நெனச்சேன். நீ ஸ்கேல் வச்சு போட்ட கட்டம் அப்படியே இருக்கு, தேதி, நேரம், எடம், வெயிலா மழையா, என்ன பாத்தேன், அது என்ன செஞ்சிட்டு இருந்துது. மொத ஆறு மாசம் நான் கடைசி கட்டத்த காலியாவே விட்டேன். சாரை, அரணை, ஓந்தான், உடும்புன்னு பேர மட்டும் எழுதிட்டு வந்துடுவேன். பேருதான் முக்கியம்னு நெனச்சிட்டேன். பொறவு உன் பழைய பக்கத்த எல்லாம் ஒக்காந்து வாசிச்சப்போ ஒரு அரணைக்கு நீ ஏழு வரி எழுதியிருக்க, வால் எந்தப்பக்கம் வளைஞ்சுது, எத்தன தடவ நாக்க நீட்டுச்சுங்குறது வரைக்கும். பதினாலு வயசுல. அதுக்கப்புறம்தான் நானும் ஒரு எடத்துல அரைமணிநேரம் அசையாம ஒக்கார பழகுனேன்.

வைகாசில பொய்கை அணைக்குப் போற வழில, உடைமரமும் கள்ளியுமா செம்மண்ணும் சரளுமா கிடக்குமே, அங்கன வச்சு காலைல எட்டு மணி வாக்குல விசிறித் தொண்டை ஓணான பாத்தேன். கைமுட்டி அளவு கூட இல்லாத ஒரு கல்லுமேல ஏறி நின்னு தொண்டைத்தோல விரிக்குது மக்ளே, பனையோலை விசிறிய மடக்கி விரிக்கிற மாதிரி படக்குன்னு விரிச்சு படக்குன்னு சுருட்டுது, வெள்ளைத்தோல்ல நடுவுல நீலமா ஒரு கோடு. விரிக்கிறப்போ எம்மாம் பெருசு, சுருட்டிட்டா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி, வெறும் மண்ணு கலர் ஓணான். நான் கொஞ்சம் அசைஞ்சதும் கல்ல விட்டு இறங்கி பின்னங்கால் ரெண்டுல மட்டும் நிமிந்து ஓடுச்சு பாரு, சின்னப்பிள்ள வரப்புல ஓடுற மாதிரி. நீ 2011-ல ஒரு ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்த, "பின்னங்கால் விரல் நாலுதானா, செக் பண்ணணும்"னு. போட்டோவ பெருசாக்கி எண்ணிப் பாத்துட்டேன். நாலுதான். நம்ம வேலி ஓந்தானுக்கு அஞ்சு, இதுக்கு நாலு. உன் கையெழுத்துக்குப் பக்கத்துல டிக் போட்டு தேதி எழுதியிருக்கேன்.

இன்னொண்ணு, 2016-ல இந்த ஓணான் வகையில புதுசா விவரிச்சதுல ரெண்டுக்கு தமிழ்லயே பேரு வச்சிருக்காங்க, ஒண்ணு சிட்டானா விசிரி, இன்னொண்ணு சிட்டானா மருதம்நெய்தல். விசிறின்னு நம்ம பாட்டி கைல பிடிச்சிருந்ததோட பேரு உலகம் பூரா அறிவியல் பேரா நிக்குது. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், எனக்கு போன மாசம்தான் தெரியும், அன்னைக்கு முழுக்க சந்தோசமா இருந்துது.

மருந்துவாழ் மலைக்கு ரெண்டு தடவ போனேன், பாறை ஓணான் ஆணு முதுகு சிவப்பும் பக்கம் கருப்புமா பாறை உச்சில நின்னுது, முட்டு வலிக்குதுன்னு மேல வரைக்கும் ஏறல.

மண்ணுளிப் பாம்பு விசயம் ஒண்ணு எனக்கு மனசு ஆறவே இல்ல. கார்ல ரெண்டு பேரு வந்து, அண்ணாச்சி நீங்க காட்டுல சுத்துறீங்களாமே, இருதலை மணியன் கெடச்சா சொல்லுங்க லட்சக்கணக்குல தாறோம்னாங்க. அதுக்கு ரெண்டு தலையும் இல்ல ஒரு புதையலும் இல்ல, வால் மழுங்கி தலை மாதிரி இருக்கு அவ்ளோதான், எலிய தின்னுட்டு மண்ணுக்குள்ள கெடக்குற பாவப்பட்ட சீவன், 1972 வனவிலங்கு சட்டப்படி பிடிச்சாலே குத்தம்னு சொல்லி அனுப்புனேன். அன்னைலருந்து எங்க வச்சு பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்றது இல்ல. நோட்டுலயும் எடம் எழுதுற கட்டத்துல 'ம' மட்டும் போட்டு வைக்கேன், உனக்கு புரியும்.

இப்ப மழைக்கு வாரேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல மழை, எட்டு மணிக்கு விட்டுது, டார்ச்ச எடுத்துட்டு பழைய கல்லுவெட்டாங்குழி பக்கம் போனேன். என்னா சத்தம் மக்ளே! எட்டு மாசமா ஒரு தவளை கண்ணுல படல, ஒரே ராத்திரில எங்கருந்து வந்துதுன்னு திகைச்சு நின்னுட்டேன். பெரிய தவளை ஆணெல்லாம் மஞ்சள் பூசுன மாதிரி, தாடை ரெண்டு பக்கமும் நீல பலூன். அதுல ஓரமா மணல்ல ஒரு உருண்டைத் தவளை, அது சத்தம் போடல, வேலைய முடிச்சிட்டு திரும்ப மண்ணுக்குள்ள போறதுக்கு எறங்கிட்டு இருந்துது. தலைய உள்ள விட்டு தோண்டும்னுதான் நான் நெனச்சிருந்தேன். இல்ல, பின்பக்கமாவே எறங்குது. உள்ளங்கால்ல மண்வெட்டி மாதிரி ஒரு கெட்டி மேடு இருக்கு, அத வச்சு வலதும் இடதுமா மண்ண ஒதுக்கி ஒதுக்கி, உடம்ப லேசா திருப்பித் திருப்பி, இடுப்பு போச்சு, வயிறு போச்சு, கடைசில ரெண்டு கண்ணு மட்டும் வெளிய. பொறவு மண்ணு மேல வந்து மூடிட்டு. அந்த எடத்த இப்ப காட்டுன்னா என்னால காட்ட முடியாது. நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க சொன்னது இந்த மணல்தவளையத்தான், வாய திறக்கலன்னா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்.

திரும்பி வாறப்போ ரோட்டுல தேரைங்க நசுங்கிக் கிடந்துது, எண்ணுனேன், 23. உயிரோட நடுரோட்டுல ஒக்காந்திருந்தத டார்ச் அடிச்சு குச்சியால பைய தள்ளி ஓரத்துல விட்டேன், ஒரு பத்து பதினஞ்சு இருக்கும். வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க, அடிக்கட்டும்.

மக்ளே, இனி சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவும் எழுதுனேன். உன் நோட்டுல முப்பத்தி நாலாவது பக்கம். நீ ஒம்பதாம் கிளாஸ் படிக்கப்போ துணி துவைக்குற கல்லுக்குப் பின்னால ஒரு பாம்பு சுருண்டு கெடந்துது, சுருட்டை விரியன்னு நெனச்சு நான் கம்பெடுத்து அடிச்சிட்டேன், நீ ஓடிவந்து வேண்டாம்பா வேண்டாம்பான்னு கத்துன, நான் கேக்கல. பொறவு நீ அழுதுட்டே ஈக்குக்குச்சியால அத நேராக்கி எனக்கு காட்டுன, பாருங்க செதில் வழுவழுன்னு இருக்கு, சுருட்டைக்கு சொரசொரன்னு இருக்கும், உடம்ப உரசுனா மரம் அறுக்குற சத்தம் வரும், இதுக்கு கழுத்து ஒல்லி, இது பூனைப்பாம்புப்பா, ஓணானையும் பல்லியையும் திங்குறது, மனுசன ஒண்ணும் செய்யாதுன்னு. நான் பதில் சொல்லாம உள்ள போயிட்டேன். முப்பத்தி நாலாவது பக்கத்துல நீ எழுதியிருக்க, "பூனைப்பாம்பு, 1. என்ன செஞ்சிட்டு இருந்துது: சும்மா சுருண்டு கிடந்துது." என்னைப் பத்தி ஒரு வார்த்த எழுதல. அத வாசிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. அன்னைக்கு சொல்லாதத இப்ப சொல்றேன், நான் செஞ்சது தப்பு மக்ளே, நீ சொன்னத நின்னு கேட்டிருக்கணும்.

நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு விறகுக்கட்டுல ஒண்ணு. அந்த வீட்டு பையன் கம்போட நின்னான். நான் போய் அவன் கைய பிடிச்சேன், பிள்ளைகள எல்லாம் தள்ளி நிக்கச் சொன்னேன், ஏழடி தூரத்துல நின்னு நாலு போட்டோ எடுத்தேன். விரியனா இருந்தா என்ன செய்யன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுதான், அதனால விரியன்னே வச்சுக்கிட்டு யாரையும் கிட்ட விடல. கண்ணுமணி குத்துக்கோடு, ஆனா அது ரெண்டுக்கும் அப்படித்தான், அத வச்சு முடிவு பண்ணக்கூடாது. கழுத்து ஒல்லியா, செதில் மினுமினுன்னு தெரிஞ்சுது, தலையில ஒரு கவட்டை மாதிரி அடையாளம். இருபது நிமிசம் அப்படியே கெடந்துது, பொறவு தானா எழும்பி வேலிப்பக்கம் போச்சு. பையன் அவன் மொபைல்ல வீடியோ எடுத்திருக்கான், அதையும் வாங்கி அனுப்புறேன்.

நாலு போட்டோவும் கீழ இருக்கு, ரெண்டாவதுதான் தெளிவு. பாத்துட்டு சொல்லு. நோட்டுல எல்லா கட்டத்தையும் நிரப்பிட்டேன், கடைசி கட்டத்துல "சுருண்டு கிடந்துது, பொறவு எழும்பி வேலிக்குள்ள போச்சு"ன்னு எழுதியாச்சு, பேரு எழுத வேண்டிய எடத்துல மட்டும் பென்சில்ல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.

அப்பா