செவலையை அழைத்துப் போகும் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

"இவ்வளவு பிரியமா வச்சிருக்கே, அப்புறம் ஏம்மா கொடுக்கிறே?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் சொல்ல முடியவில்லை. என்னைப் போல் காப்பகத்து நாய்களைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற எல்லோரையும் இதைக் கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செவலையை நான் முதலில் பார்த்தபோது கூண்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதமாக அப்படித்தான் என்றார்கள். தத்தெடுக்க வருகிறவர்களின் கண், கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் நாயின் மேல்தான் போகும். இவள் முதுகைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். சுற்றிலும் அத்தனை நாய்கள் ஓயாமல் குரைக்கும் இடத்தில் ஒரு நாயின் பயம்தான் தெரியும், குணம் தெரியாது.

என் வீட்டிலும் முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியில்தான் கிடந்தாள். குக்கர் விசிலுக்கு நடுங்கினாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே சிறுநீர் போய்விடும். ஒன்பதாம் நாள் ராத்திரி, நான் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது மெல்ல வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாடிப்படி ஏறத் தெரியாது. பூனையைத் துரத்த மாட்டாள். எதிர்வீட்டுக் குழந்தை வந்தால் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

நீங்கள் முதலில் குட்டிதான் கேட்டீர்கள். இரண்டு வருடம் முன்னால் நான் கொண்டுவந்த ஒரு குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து நான்கே நாளில் செத்துப்போய்விட்டது. அந்த வைரஸ் மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். ஆனாலும் தடுப்பூசிகள் முடியாத குட்டியை மறுபடி இந்த வீட்டுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. ஊசி போட்ட பெரிய நாய்களை மட்டும்தான் இப்போது அழைத்துவருகிறேன். எப்படியும் காப்பகத்தில் தேங்கி நிற்பவை அவைதான்.

அவள் காது நுனி வெட்டைப் பார்த்து வருத்தப்பட்டீர்கள். அது கருத்தடை முடிந்ததற்கான அடையாளம், மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவார்கள். சென்னையில் மாநகராட்சி தெருநாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1964ல், ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு இந்தக் கருத்தடை வழியைத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களையே அழித்துவிடும். சோறும் வேகவைத்த கோழியும், இல்லையென்றால் முட்டை, வெயில் நாளில் கொஞ்சம் தயிர்சாதம் போதும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது. முதல் ஒரு மாதம் கழுத்துப்பட்டை, உடல்பட்டை இரண்டிலும் கயிறு மாட்டித்தான் வெளியே போக வேண்டும். பயந்த நாய் பட்டையிலிருந்து ஒரு நொடியில் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உங்கள் முகப்பேர் அவளுக்குத் தெரியாத ஊர், திரும்பி வர வழி தெரியாது. குடியிருப்புச் சங்கத்தில் யாராவது நாய் கூடாது என்றால், அப்படித் தடைபோட அவர்களுக்கு உரிமை இல்லை என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலே சொல்கிறது. அதன் நகலை மருந்துச் சீட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். செவலை வெளியே வந்த அன்று சாயங்காலமே அவள் கூண்டில் கால் ஒடிந்த கறுப்பு நாய் ஒன்றைப் படுக்க வைத்தார்கள். அதுவரை அதற்கு வராந்தாதான். என் வீட்டிலும் சம்பளத்திலும் ஒரு நாய்க்குத்தான் இடம். இவளை நானே வைத்துக்கொண்டால் அந்தக் கறுப்பன் காப்பகத்திலேயேதான் கிடப்பான். இவள் ஏழாவது. இதற்கு முன் ஆறு தடவையும் அழுதுகொண்டேதான் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கும் உங்களுக்கும் ஒத்துவரவில்லை என்றால் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன். அவள் படுக்கும் என் பழைய நைட்டியும் கூடவே வரும். அதை ஒரு மாதத்துக்குத் துவைக்காமல் வையுங்கள் டீச்சர்.