கிளேர்மான்ட்டுக்காக ஒரு வக்காலத்து

அன்புள்ள மாலதி,

உன் மெயிலைத் தவணை முறையில் படித்து முடித்தேன். முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்துக்கு மணிக்கொரு தரம் அலாரம் அடிக்கிறது. அம்மாவோ கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக, "சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கே, யாரும் பார்க்கலையா?" என்று கேட்டாள். பெயின்டருக்குச் சொல்லியிருக்கிறேன். தீபா பெங்களூருக்கு இன்டர்ன்ஷிப் போய்விட்டாள். அவள் அறை காலியானதில் என் காமிக்ஸ் மூட்டைகள் பரணிலிருந்து இறங்கி அங்கே குடியேறிவிட்டன. அவளிடம் சொல்லிவிடாதே.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் ஆப்பில் எடுத்துக் கொடுக்க, மார்வெல் காமிக்ஸுக்காக ஜோனதன் ஹிக்மன் எழுதிய எக்ஸ்-மென் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தாய், அதற்கு முன்னால் வந்ததெல்லாம் பழைய சாதம், கிறிஸ் கிளேர்மான்ட் எழுதியதை நாலு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்கிறாய். ஹாஸ்டலில் எனக்கு, சுவருக்குள் புகுந்து போகும் அந்தக் கிட்டி பிரைடை அறிமுகப்படுத்தியவளே நீதானேடி! திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த பிரதிகளைத் தேடிப் பிடித்து வந்தது யார்? அந்த வயதில் யார் எழுதியது என்றெல்லாம் நாம் பார்த்ததில்லை. இரும்புக்கை மாயாவியை எழுதியவர் யார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா? இப்போது திரும்பப் படிக்கும்போதுதான், பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட அதே மியூடன்ட்டுகள், சேவியர் நடத்தும் அதே பள்ளிக்கூடம், ஆனால் கை மாறியதும் கதையின் குணமே மாறிவிடுவது தெரிகிறது.

உன் புகாரில் பாதி நியாயம். கிளேர்மான்ட்டுக்கு வாய் ஓயாது. ஒருத்தன் கதவைத் திறப்பது படத்திலேயே தெரியும். அதன் மேல் ஒரு கட்டம் போட்டு அவன் கதவைத் திறக்கிறான், அவன் நெஞ்சில் இன்ன பாரம் இருக்கிறது என்று எழுதிவைப்பார். சண்டையின் நடுவில் அந்தரத்தில் பறந்துகொண்டே ஆளாளுக்கு அரைப்பக்கம் யோசிப்பார்கள். ஆனால் அவர் எந்த நிலையில் அந்தப் புத்தகத்தை வாங்கினார் என்று பார். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்த எக்ஸ்-மென், 1970 வாக்கில் விலை போகாமல் படுத்துவிட்டது. அப்புறம் ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபதிப்புப் போட்டு ஒப்பேற்றினார்கள். 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் புதுக் குழுவை உருவாக்கினார்கள். ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் எல்லாம் அதில் வந்தவர்கள்தான். ஹல்க் கதையில் ஏற்கெனவே தலைகாட்டியிருந்த வுல்வரினையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த இதழிலிருந்தே எழுதும் வேலை 25 வயதுகூட நிரம்பாத கிளேர்மான்ட்டின் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத புத்தகம். அதை 1991 வரை, 16 வருடம், அவர் விடவேயில்லை.

நான் சொல்ல வருவதெல்லாம் இந்தப் 16 வருடத்தைப் பற்றித்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். மூன்று வருடம், நாலு வருடம், இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடிப்பேன் என்று திட்டம் போட்டு எழுதினார்கள். கிளேர்மான்ட்டுக்கு முடிவே கிடையாது. அடுத்த மாதம் மறுபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவருடைய ஆட்கள் நம் சொந்தக்காரர்கள் போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓசைப்படாமல் மாறிவிடுகிறார்கள்.

மழையையும் புயலையும் ஆட்டிவைக்கும் ஸ்டார்மை எடுத்துக்கொள். முதலில் கென்யாவில் மக்கள் தெய்வமாகக் கும்பிடும் பெண்ணாக வருகிறாள். 102ஆம் இதழில்தான் அவளுக்கு ஏன் மூடிய இடம் என்றாலே உயிர் போகிறது என்று தெரிகிறது. சின்ன வயதில் கெய்ரோவில் இடிந்த வீட்டுக்கடியில், செத்துப்போன அம்மாவின் பக்கத்திலேயே சிக்கிக் கிடந்தவள். வருடங்கள் போகின்றன. 1983இல், 173ஆம் இதழில், வுல்வரின் கல்யாணத்துக்காக எல்லாரும் டோக்கியோ வந்திறங்குகிறார்கள். அங்கே ஸ்டார்ம் நிற்கிறாள். இடுப்புவரை தொங்கிய வெள்ளை முடியைக் காணோம். இரண்டு பக்கமும் மழித்து நடுவில் மட்டும் சிலிர்த்து நிற்கும் மோஹாக், கறுப்புத் தோல் உடுப்பு. கிட்டி ஓடிவருகிறாள், அவளைப் பார்க்கிறாள், முகம் உடைந்துபோய் அழுதுகொண்டே ஓடிவிடுகிறாள். உலகம் அழியப் போகிறதென்று அழவில்லை. அம்மா மாதிரி நினைத்திருந்தவள் தன்னைக் கேட்காமல் வேறு ஆளாகிவிட்டாளே என்றுதான் அந்தப் பெண் அழுகிறாள். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இப்படி ஒரு அழுகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஸ்டார்ம் தன் சக்தியையே இழக்கிறாள். 201ஆம் இதழில், ஒரு சக்தியும் இல்லாமல், பயிற்சிக்கூடத்தில் சைக்ளாப்ஸ் என்ற ஸ்காட்டோடு மோதி ஜெயித்துத் தலைமையை வாங்கிக்கொள்கிறாள். தெய்வத்திலிருந்து அந்த இடத்துக்கு வர அவளுக்குப் பத்து வருடம் பிடித்தது. 12 இதழில் இதை எழுதிக் காட்டச் சொல் பார்ப்போம்.

மேக்னெட்டோவும் அப்படித்தான். லீ காலத்தில் அவன் வெறும் கொக்கரிக்கும் வில்லன். 150ஆம் இதழில் கிட்டியைத் தாக்கிவிட்டு, ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து இடிந்துபோகிறான். நாஜி முகாமில் பிழைத்தவன் அவன் என்பது அங்கேதான் கதையின் எலும்பாகிறது. 200ஆம் இதழில் பாரிஸில் விசாரணைக்கு நிற்கிறான், அப்புறம் அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராகவே ஆகிவிடுகிறான்.

ஸ்காட்டின் காதலி ஜீன் கிரே, சக்தி தலைக்கேறிப் போன கதையைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் அவளைக் கொல்வதாகவே இல்லை. சக்தியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதாக வரைந்தும் வைத்திருந்தார்கள். மார்வெல் பத்திரிகைகளின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் குறுக்கே வந்தார். அவள் ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, 500 கோடி பேர் வாழ்ந்த கிரகத்தையே அழித்தவளாயிற்றே, தண்டனை வேண்டாமா என்று கேட்டார். அதனால்தான் 1980இல், 137ஆம் இதழில், நிலாவில், ஸ்காட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீன் தன்னைத் தானே முடித்துக்கொள்கிறாள். பழைய முடிவையும் 1984இல் தனியாக வெளியிட்டார்கள், படித்திருக்கிறேன். சப்பென்று இருக்கிறது. திட்டம் உடைந்ததால் கதை பிழைத்தது. அதே நிர்வாகம் 1986இல், செத்தது ஜீனே அல்ல, அவள் உருவமெடுத்த வேறொரு சக்தி என்று சொல்லி அவளைத் திரும்பக் கூட்டிவந்தது இன்னொரு கூத்து. ஸ்காட் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவள் பின்னால் போனான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிரான்ட் மாரிசன் 2001இல் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். வந்த வேகத்தில் கலர் கலரான உடுப்பையெல்லாம் கழற்றிப்போட்டுத் தோல் ஜாக்கெட் மாட்டிவிட்டார். ஜெனோஷா தீவில் ஒரு கோடியே அறுபது லட்சம் மியூடன்ட்டுகள் சாவது அவருடைய ஆரம்பத்திலேயே. சேவியரும் ஒரு மியூடன்ட் என்பது உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது, பள்ளிக்கூடம் உண்மையிலேயே பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடமாகிறது. விகாரமான பிள்ளைகள், மக்குப் பிள்ளைகள், திமிர் பிடித்த பிள்ளைகள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் தொடரின் 121ஆம் இதழை எடுத்துப் பார். ஜீனும் பழைய வில்லி எம்மா ஃப்ராஸ்ட்டும் சேவியரின் மனதுக்குள் இறங்குகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு பேச்சும் இல்லை, எல்லாம் ஃப்ராங்க் குவைட்லியின் படங்கள்தான். கிளேர்மான்ட் இதைப் பார்த்திருந்தால் கை அரித்திருக்கும்.

ஆனால் மாரிசனுக்கு யோசனைகள்மேல் இருந்த பாசம் ஆட்கள்மேல் இல்லை. நாம் அவ்வளவு நம்பிய பள்ளிக்கூட ஆசிரியர் சோர்ன், முகமூடியைக் கழற்றினால் மேக்னெட்டோ. அதிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேக்னெட்டோ போதை மருந்துக்கு அடிமையான வெறும் கிழட்டு வெறியன். கிளேர்மான்ட் அத்தனை வருடம் அவனுக்குச் செய்த வேலை ஒரே கதையில் போச்சு. மாரிசன் போனதும், அவன் மேக்னெட்டோ இல்லை, மேக்னெட்டோ மாதிரி நடித்தவன் என்று சொல்லி மார்வெல் அதையும் துடைத்துவிட்டது. வல்லவனுக்கு வல்லவன்! இதில் மிஞ்சியது எம்மாவும் ஸ்காட்டும்தான். அவர்கள் உறவை மட்டும் யாரும் சட்டென்று அழிக்கவில்லை.

ஜாஸ் வீடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2004 முதல் 2008 வரை, ஜான் கேஸடே படத்தோடு 24 இதழும் ஒரு பெரிய கடைசி இதழும். படிக்கச் சுகமானது இதுதான். உன் பையனுக்கு முதலில் இதைக் கொடுத்திருக்கலாம். மியூடன்ட்டுகளை 'குணப்படுத்த' மருந்து கண்டுபிடிக்கும் டாக்டர் கவிதா ராவ் இதில்தான் வருகிறாள். நம்மூர்ப் பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அவள் கட்சியில் இருந்தேன். வீடன் புதிதாக ஒன்றும் கட்டவில்லை, பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஆனால் கிளேர்மான்ட்டை வரிக்கு வரி படித்த ரசிகன் அடித்த வெள்ளை. 1980இல் 129ஆம் இதழில்தான் கிட்டியும் எம்மாவும் முதன்முதலாக வருகிறார்கள், இருவரும் ஒரே இதழில். பதின்மூன்றரை வயதுக் கிட்டியின் வீட்டு வாசலுக்கு, தன் பள்ளிக்கு ஆள் பிடிக்க வருகிறாள் எம்மா. அந்த வெறுப்பை வீடன் எடுத்து, வளர்ந்த கிட்டியின் கையில் கொடுத்து, இருவரையும் ஒரே மேடையில் ஆசிரியைகளாக உட்காரவைக்கிறார்.

அப்புறம் அந்த நாலாவது இதழ். கிட்டி அந்த மருந்து ஆய்வுக்கூடத்துக்குள் தளம் தளமாக உடம்பைக் கரைத்து இறங்குகிறாள். கீழே இருட்டில் ஏதோ ஒன்று அவளை நோக்கி ஓடிவருகிறது. கொலோசஸ். செத்துச் சாம்பலாகிவிட்டான் என்று எல்லாரும் நம்பியிருந்த அவளுடைய முதல் காதலன். பழக்க தோஷத்தில் அவள் உடம்பு கரைய, அவன் அவளுக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் ஓடிவிடுகிறான். அவள் அப்படியே நிற்கிறாள். அந்த ஒரு பக்கத்துக்காக நாலு வருடம் காத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பார், அது ஏன் அடிக்கிறது? அந்தக் காதலை மாசக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்த்தவர் வேறொருவர். வீடன் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தார்.

இப்போது உன் ஹிக்மன். 2019இல் இரண்டு தொடர்கள், மாறி மாறி வாரா வாரம், மொத்தம் 12 இதழ். மூளை இருக்கிற ஆள், சந்தேகமேயில்லை. 1975இல் வெறும் பூதத் தீவாக வந்த கிராக்கோவாவை ஒரு நாடாக்கிவிட்டார். கிளேர்மான்ட்டின் கதையில் ஓரமாக வந்து போன மொய்ராவை, செத்துச் செத்துப் பிறந்து எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவளாக மாற்றி, ஐம்பது வருடக் கதையையும் அவள் மடியில் கொண்டுபோய் வைத்தார். தங்க உருண்டைகளைத் துப்புவது மட்டுமே சக்தியாக இருந்த ஒரு பையன், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த பையன், அந்த உருண்டைகள் முட்டைகள் என்று தெரிந்ததும் செத்தவர்களைப் பிழைக்கவைக்கும் ஐவரில் ஒருவனாகிறான். அந்த இடத்தில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அந்த ஐந்தாம் இதழில், திரும்பிவந்தவர்களை ஸ்டார்ம் கூட்டத்தின் முன் நிறுத்திப் பெயர் சொல்லி அழைக்கிறாளே, ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்களே, அது உனக்குப் புல்லரித்தது என்று எழுதியிருந்தாய். எனக்குக் கொஞ்சம் குளிரெடுத்தது. ஸ்டார்ம் அங்கே மறுபடி தெய்வம் மாதிரி நிற்கிறாள். மோஹாக் வைத்துக்கொண்ட பெண், சக்தி போய் மண்ணில் நடந்த பெண், எங்கே? ஹிக்மன் தெரிந்தேதான் செய்கிறார், இவர்களிடம் ஏதோ கோணலாகிவிட்டது என்று நமக்கு உறுத்தவேண்டும் என்றுதான். ஆனால் சாவே இல்லாத ஊரில் நான் யாருக்காகப் பதறுவது? நடுநடுவே அந்த அட்டவணைப் பக்கங்கள் வேறு. ஆபீசில் நாள் பூரா பார்ப்பதைத்தான் வீட்டிலும் பார்க்க வேண்டுமா?

வேடிக்கை என்ன தெரியுமா? எல்லாரையும் விடப் பெரிய திட்டத்தோடு வந்த ஹிக்மனால்தான் அதை முடிக்க முடியவில்லை. அவர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்றார். கூட எழுதிய மற்றவர்களுக்கு அந்தத் தீவு பிடித்துப்போய்விட்டது, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம் என்றார்கள். அவர் கிளம்பிவிட்டார். தீவு 2024 வரை ஓடியது. கிளேர்மான்ட்டும் சுகமாகப் போகவில்லை. ஓவியர் ஜிம் லீயோடு 1991இல் தொடங்கிய புதுத் தொடரின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, கின்னஸ் சாதனை. ஆசிரியர் குழுவோடு ஒத்துப்போகாமல் மூன்றாவது இதழோடு விலகிவிட்டார். நைட்கிராலரின் அப்பா யார், அம்மா யார் என்பது மாதிரி அவர் பாதியில் விட்ட முடிச்சுகள் எத்தனையோ. அதையும் குறையாகச் சொல்வேன். ஆனால் அந்த முடிச்சுகளை வைத்துத்தான் மற்றவர்கள் இத்தனை காலம் பிழைத்தார்கள்.

உனக்கு ஒரு யோசனை. கிளேர்மான்ட்டை முதலிலிருந்து தொடங்காதே, தூங்கிவிடுவாய். 129இல் ஆரம்பித்து 143 வரை படி. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து எரிச்சலாக இருந்தால் பேச்சை மட்டும் படித்துக்கொண்டு போ, பைர்ன் படத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவார். பிறகு நேராக 173. அதுவும் பிடிக்கவில்லை என்றால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூனில் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன், உன் வீட்டில்தான் தங்கல். உன்னிடம் இருக்கும் மாரிசனின் இரண்டாம் தொகுதி என்னுடையது, உள்ளே என் பெயர் எழுதியிருக்கும், எடுத்து வை. உன் மாமியாருக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஊரிலிருந்து தைலம் வேண்டுமானால் சொல், பையில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
செல்வி