இறகு உதறும் பாட்டி

பிராட்டிஸ்லாவா, ஸ்லோவாக்கியா
டிசம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். நான் சௌக்கியம். குளிர் மைனஸ் எட்டு, கம்பளி போதும்.

எதிர்வீட்டுப் பாட்டி இந்தக் குளிரிலும் காலையில் ஜன்னலைத் திறந்து இறகுப் போர்வையை உதறுகிறாள். ராத்திரி உடம்பிலிருந்து ஏறின ஈரம் போகாவிட்டால் இறகு கட்டிகட்டியாகிவிடும். அந்தப் போர்வைக்குப் பெயர் பெரினா. இங்குள்ள பழங்கதை ஒன்றில் ‘பெரின்பாபா’ வருகிறாள், அதாவது பெரினாக் கிழவி. அவள் உதறினால்தான் பூமியில் பனி விழும். அந்தப் பெயரில் ஸ்லோவாக் இயக்குநர் யூரய் யாகுபிஸ்கோ 1985-ல் எடுத்த படத்தைக் கிறிஸ்துமஸுக்கு டிவியில் போடுகிறார்கள். கிழவியாக நடித்தவர் இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் மனைவி ஜூலியெட்டா மசினா.

தம்பி சினிமா படிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். யாகுபிஸ்கோவைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். 1938-ல் கோய்ஷோவ் கிராமத்தில் பிறந்தவர். முதலில் புகைப்படம் படித்தார், பிறகுதான் பிராகில் ஃபாமு திரைப்படப் பள்ளி. 1967-ல் முதல் முழுநீளப் படம். அடுத்த வருஷம் அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் வந்தன, கெடுபிடி தொடங்கியது. 1969-ல் எடுத்த ‘பறவைகள், அநாதைகள், பைத்தியங்கள்’ தடையானது. 1970-ல் தொடங்கிய படம் பாதியில் நின்றது. ஏறக்குறைய பத்து வருஷம் தியேட்டருக்குக் கதைப்படம் எடுக்க விடவில்லை. ஆவணப்படம் எடுத்துக் கைப்பழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நின்ற படத்தை 1990-ல் முடித்தார். இருபது வருஷம், அப்பா! 2023-ல் காலமானார்.

சித்தப்பாவின் பழைய கேமராவை அவனிடம் கொடுங்கள். ஆறு மாதம் ஒரே லென்ஸில் எடுக்கட்டும். ஜூம் இல்லாவிட்டால் கால்தான் நகரவேண்டும், எங்கே நிற்பது என்று தானே தெரியும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இங்கே பண்டிகைக்குப் புளித்த முட்டைக்கோஸ் சூப். காய்ந்த காளானை முதல்நாளே ஊறவைக்க வேண்டும். உருளைக்கிழங்கு வெந்த பிறகே கோஸைச் சேர்க்க வேண்டும், முந்தினால் கிழங்கு வேகாது. புளி ஊற்றினால் காய் வேகாது என்பாளே, அதே கணக்கு. முதல் வாய் வைத்ததும் அவள் வத்தக்குழம்பு ஞாபகம் வந்து, அப்புறம் சாப்பிட முடியவில்லை.

அக்கா வளையலுக்கு இப்போது வட்டி மட்டும் கட்டுங்கள். அனுப்பியது அதற்குச் சரியாக இருக்கும். மீட்பதைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளலாம். வேலையில் ஒன்றும் குறை இல்லை. தம்பியின் சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அவனைத் திட்டாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்