ஹோமருக்கு ஆங்கிலத் தரகு எதற்கு? தமிழ்த்துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர்களுக்கு வணக்கம். முதுகலைத் தமிழில் கிரேக்க மொழியையும் ஒரு பாடமாக வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

புறநானூற்றையும் பண்டைக் கிரேக்கக் காவியக் கவி ஹோமரையும் ஒப்பிடுவது நம் ஆய்வாளர்களுக்குப் பழகிய வேலை. ஒப்பிடுகிறவர்களின் கையில் இருப்பதோ பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதிலிருந்து எடுத்த வரியை வைத்துக்கொண்டு ஹோமரின் நடையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான்.

இந்த ஒப்பீட்டைப் பெரிய ஆய்வாகச் செய்த இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் மாணவர். இன்னொரு இலங்கைத் தமிழறிஞரான சிவத்தம்பியும் அப்படியே. நம் முன்னுரைகளில் தாம்சன் 'மார்க்சியப் பேராசிரியர்' என்பதோடு முடிந்துவிடுகிறார். அவர் 1970 வரை அங்கே கிரேக்கப் பேராசிரியர்; பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகங்களில் ஊறியவர்.

லண்டனில் பிறந்த தாம்சன் 1923இல் அயர்லாந்தின் மேற்கே பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோடு பழகி ஐரிஷ் மொழியைப் பிடித்துக்கொண்டார். மேற்கு அயர்லாந்துக் கிராமம் ஒன்றின் கிணற்றடியில் பார்த்த ஒரு கிழவியைப் பற்றி எழுதியிருக்கிறார். வாளிகளை நிரப்பிவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கிறாள். கணவன் இல்லை. ஏழு மகன்களும் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். எங்களோடு வந்துவிடு என்று ஒருவன் கடிதம் போட்டிருக்கிறான். அதைப் பற்றி அவள் பேசப் பேச, தாளம் தானாகக் கூடி, பேச்சு கவிதையாகிவிட்டதாம். ஏட்டில் இல்லாத கவிதையை இப்படிக் காதால் கேட்டவர் ஹோமரைப் படித்த விதமே வேறு. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நம் மாணவருக்கு, போரில் இறந்த வீரன் ஹெக்டரின் உடலருகே மூன்று பெண்கள் அழும், ஹோமரின் இலியத் காவியத்தின் கடைசிப் பகுதி எப்படிக் கேட்கும்!

1931இல் கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிலேயே நடத்தினார். அதற்கு முன்பே பிளேட்டோவின் உரையாடல்கள் சிலவற்றை ஐரிஷில் பெயர்த்தும் வைத்திருந்தார். அங்கே முடிந்தது தமிழில் முடியாதா? நான் கேட்பது இவ்வளவுதான்: முதுகலையில் ஒரு விருப்பப் பாடம், கிரேக்கம், தமிழ்வழியில்.

ஆசிரியருக்கு எங்கே போவது என்பீர்கள். நம் இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக்காகக் கிரேக்கம் கற்றவர்கள் இருக்கிறார்கள். அது ஹோமருக்குச் சுமார் எட்டு நூற்றாண்டு பிந்திய கிரேக்கம், உண்மைதான். எழுத்துக்கும் அடிப்படை இலக்கணத்துக்கும் அது போதும். அப்புறம் ஹோமருக்கென்று தனி அகராதியும் இலக்கணமும் இருக்கின்றன. அடுத்த பாடத்திட்டக் குழுவில் இதை வையுங்கள். முதல் ஆண்டு ஐந்து பேர் சேர்ந்தாலும் வகுப்பை மூடிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்