நைனா படித்த இரும்புக்கை மாயாவி

சாயிநாதபுரம், வேலூர்
ஜூன் 14

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு வெயில்தான் காரணம் என்றால் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பாய். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் இங்கே ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் ஏறுகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னது. இந்த வயதில் யாருக்குக் காட்ட இந்த வீரம்?

நீயும்தான் என்னைத் திட்டியிருக்கிறாய். "ஐம்பது தாண்டியும் பொம்மைப் புத்தகமா?" என்று கேட்டதை இரண்டு தடவை படித்தேன். 1984இல் லயன் காமிக்ஸ் முதல் இதழை என்னிடம் வாங்கிக்கொண்டு போய் இன்று வரை திருப்பித் தராத ஆள் கேட்கிற கேள்வியாடா இது? 'கத்தி முனையில் மாடஸ்டி'. அட்டையின் ஓரத்தில் என் பெயரை நீல மையில் எழுதியிருந்தேன். வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

சரி, பொம்மைப் புத்தகத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருக்கிற என் மகள் பொங்கலுக்கு வந்தபோது தடிமனாக ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். 'மவுஸ்'. ஆர்ட் ஸ்பீகல்மேன் என்பவர் எழுதி, அவரே வரைந்தது. ஹிட்லரின் வதைமுகாமில் உயிர் தப்பிய தன் அப்பாவிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டு, டேப்பில் பதிந்து, அதையே கதையாக்கியிருக்கிறார். யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை, போலந்துக்காரர்கள் பன்றி. முதல் பாகம் 1986, இரண்டாவது 1991, அடுத்த வருஷமே புலிட்சர் சிறப்பு விருது. இந்த விவரமெல்லாம் அவளே சொன்னதுதான். "இது காமிக்ஸ் இல்லப்பா, கிராபிக் நாவல்" என்றும் சொன்னாள். சித்திரக்கதை என்றால் பழைய பேப்பர் கடை விலை, கிராபிக் நாவல் என்றால் தோல் செருப்பு விலை. எனக்குத் தெரிந்து வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைப் படிக்க ஆரம்பித்த அன்றே எனக்கு என் அப்பா, அதான் நைனா, ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோதெல்லாம் அவரைப் பார்த்திருப்பாய். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகரத்தை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டிய இலையை இடது கையில் எடுப்பார். ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, வாயை மடக்கி நூலை இரண்டு சுற்று. பீடி விழுந்துவிடும். விரல் வேலை செய்யும்போது கண்ணுக்கு வேலை கிடையாது, அது சும்மா இருக்கும். அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து காமிக்ஸைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுத்து தெரியாத மனிதர், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக முகவாயை லேசாகத் தூக்குவார். அவர் தூக்கும் வரைக்கும் நான் திருப்பக் கூடாது. எனக்கு அதுதான் எரிச்சல். அடுத்து என்ன ஆகிறது என்று நான் ஓட வேண்டும். அவரோ ஒரே கட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பீடி போடுவார்.

லாங்கு பஜார் பழைய பேப்பர் கடையில் ஒருநாள் முத்து காமிக்ஸின் முதல் இதழ் கிடைத்தது, 1972இல் வந்த 'இரும்புக்கை மாயாவி'. முன்னால் நாலைந்து பக்கம் கிழிந்துபோயிருந்தது. அதற்குள் மாயாவியின் பின்னாள் கதைகளை நான் நிறையப் படித்துவிட்டேன். நாட்டுக்காக உளவு பார்க்கிறவர், நல்லவர், நம் ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பதை நைனாவுக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தேன். அன்றைக்குப் புத்தகத்தைப் பிரித்து, "இவர்தான் ஹீரோ" என்று ஆரம்பித்தேன்.

நைனா முகவாயைத் தூக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் கை மட்டும் எதையோ தேடிப் போகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் நல்லவனா? யார்ரா சொன்னது?"

"ஹீரோ நைனா. மாயாவி."

"வெரலப் பாரு. எப்டி வச்சிக்கினு கீறான் பாரு. திருடன் கை இது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. படிக்கத் தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. ஏதோ ரகசியத் திட்டம் இருக்கும், கடைசியில் பாருங்கள் என்று மழுப்பி, வசனத்தையே கொஞ்சம் மாற்றிப் படித்தேன். ஆமாம்டா, மாற்றித்தான் படித்தேன். மாயாவியைக் காப்பாற்ற.

நைனா சொன்னதுதான் சரி. அந்தக் கதை 1962இல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசுஸ் பிளாஸ்கோ. முதல் கதையில் மாயாவி ஹீரோவே கிடையாது. விபத்துக்குப் பிறகு புத்தி பேதலித்துக் குற்றம் செய்கிறவன். பிறகுதான் அவனை நல்லவனாக்கினார்கள். எழுதினவர்கள் பிற்பாடு மனம் மாறினாலும், பிளாஸ்கோ அந்த முதல் கதைக்கு வரைந்த விரல் அப்படியேதானே இருக்கும்? நான் எழுத்தைப் படித்தும் ஏமாந்தேன். தினம் ஆயிரம் பீடி சுற்றுகிற மனிதர், விரல் விஷயத்தில் ஏமாறவில்லை.

'மவுஸ்' கையில் வந்ததும் முதலில் திண்டாடினேன். எலி முகத்தில் என்ன இருக்கிறது? கண்ணுக்கு இரண்டு புள்ளி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூர். எல்லா எலியும் ஒரே ஜாடை. இதில் யார் அழுகிறார், யார் பொய் சொல்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாலாவது நாள்தான் நைனா மாதிரி பார்க்கத் தோன்றியது. முகத்துக்குத்தான் எலி, கை மனிதக் கை. கதை சொல்கிற அப்பா விளாடெக் மேஜையில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே பேசுகிறார். பழைய நாட்களைச் சொல்லிக்கொண்டு வரும்போதே கை தட்டி மாத்திரை கொட்டிவிடுகிறது. பழி மகன் தலையில் விழுகிறது, திரும்ப எண்ண வேண்டும். நம் தலைமுறை அப்பாக்கள் யாரை வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம். மாத்திரைக்குப் பதில் பீடிக்கட்டு, ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று நைனாவும் இப்படித்தான் கத்துவார்.

இன்னொரு இடம். விளாடெக் போலந்துக்காரன் மாதிரி வேஷம் போட்டுத் தப்பித்து நடக்க வேண்டும். அப்போது எலி முகத்தின் மேல் பன்றி முகமூடி போட்டிருப்பதாக வரைந்திருக்கிறார். சும்மா முகமூடி இல்லை, தலைக்குப் பின்னால் கட்டிய கயிறு தெரிகிறது! அந்தக் கயிற்றைப் பார்த்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. இந்தப் பயத்தை எழுத்தில் சொல்ல ஒரு பக்கம் வேண்டும், இங்கே ஒரு முடிச்சில் முடித்துவிட்டார். அவிழ்ந்தால் செத்தான்.

சிறுவயதில் அறுபது பக்கப் புத்தகத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் முடிப்பேன். இதற்குப் பதினோரு ராத்திரி ஆனது. முதல் பாகத்தின் முடிவில், செத்துப்போன அம்மா எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளை அப்பா எரித்துவிட்டார் என்று மகனுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் தொடவே இல்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஒரு போட்டோ. விளாடெக்கின் நிஜ முகம், முகாம் கைதியின் கோடு போட்ட உடுப்பில். யுத்தம் முடிந்த பிறகு ஏதோ ஒரு ஸ்டுடியோவில் அந்த உடுப்பைப் புதிதாக, சுத்தமாக வைத்திருந்தார்களாம், போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள. அவ்வளவு நேரம் எலியாகவே பார்த்துப் பழகிவிட்டு, திடீரென்று அழகான, திமிரான ஒரு இளைஞன் நம்மைப் பார்க்கிறான். எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகு ஆசை விடவில்லை. ஈரான் பெண்மணி மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' படித்தேன். பிடித்தது, ஆனால் ஒரே மூச்சில் ஓடிவிட்டதால் பெரிதாக எதுவும் ஒட்டவில்லை. குற்றம் என்னுடையதாக இருக்கலாம். சூப்பர் ஹீரோக்கள் பளபள தாளில் அடித்துக்கொள்கிற இரண்டையும் புரட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் உச்சக்கட்டம், உட்கார்ந்து மூச்சு விட இடமில்லை. உன் பேரன் ரசிக்கட்டும்.

'பீமாயணம்' மட்டும் நீ கட்டாயம் படிக்க வேண்டும். 2011இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. அம்பேத்கர் பட்ட அவமானங்களை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதி வரைந்திருக்கிறார்கள். நமக்குப் பழக்கமான சதுரக் கட்டம் அதில் கிடையாது. ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்களுக்கு மனம் வரவில்லையாம். கோலம் மாதிரி வளைந்து போகிற பட்டைகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்குத் தவிக்கிற பையனும், 1901இல் கோரேகாவுக்கு அப்பாவைப் பார்க்கப் போகிற வழியில் வண்டிக்காரன் கிடைக்காமல் ஸ்டேஷனில் நிற்கிற பிள்ளைகளும் அந்த வளைவுகளுக்கு நடுவே வருகிறார்கள்.

என்னை உலுக்கியது பேச்சுக் குமிழிதான். சாதாரணமாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவத்துக்குள் இருக்கிறது. சாதி விஷத்தைக் கக்குகிறவனின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு! எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும், யார் கொட்டுகிறான் என்று தெரிந்துவிடும். நான் வசனத்தை மாற்றிப் படித்து ஏமாற்றியிருக்கவே முடியாது. இந்தப் புத்தகத்தைத் திண்ணையில் வைத்துப் பிரித்திருந்தால் நைனா ஒரு பக்கத்துக்கு எத்தனை பீடி போட்டிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஆயிரம் தேறியிருக்காது, இலையெல்லாம் காய்ந்துபோயிருக்கும்.

அப்புறம், அவர் ஒரு வார்த்தை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டார், உனக்குத் தெரியுமா? 'டுமீல்'. துப்பாக்கி வருகிற இடமெல்லாம் பெரிய எழுத்தில் இருக்குமே, அதன் உருவம் மனசில் பதிந்துவிட்டது. ஒருநாள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது மீன் கடைப் பலகையைக் காட்டி, "அதோ பாரு, டுமீல்ல வர்ற எழுத்து" என்றார். அந்த 'மீ'யைக் கண்டுபிடித்துவிட்டாராம். அதற்கு மேல் கற்றுக்கொடுக்க எனக்கும் பொறுமை இல்லை, அடுத்த வாரம் ராணி காமிக்ஸ் வந்துவிட்டது.

ஸ்பீகல்மேன் டேப் ரெக்கார்டர் வைத்து அப்பாவைக் கேட்டார். நம் வீட்டிலும் பெட்டி மாதிரி ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, அதில் இளையராஜா மட்டும்தான் ஓடியது. பீடி சுற்ற வந்தது எந்த வயதில், பள்ளிக்கூடம் போகவிடாமல் செய்தது யார், ஒன்றையும் நான் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பீடித் தொழிலாளர் அடையாள அட்டை கிடைத்தது. போட்டோவில் முகம் மட்டும்தான், கை இல்லை. கீழே இடது கட்டை விரல் நாட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேகை ஒன்றுகூட இல்லை. இலையில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகப் போயிருக்கிறது, நீல மைத் திட்டு மட்டும் இருக்கிறது. அதை 'மவுஸ்' உள்ளே அந்த போட்டோ இருக்கிற பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ வந்தால் காட்டுகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் காட்பாடியில் இறங்கிக்கொள்ளலாம், நான் வண்டியோடு வந்து நிற்கிறேன், படிக்கட்டு ஏறுகிற வேலை வேண்டாம். முள் கத்தரிக்காய் போட்டு எண்ணெய்க் குழம்பு வைப்பதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. வரும்போது மாடஸ்டியை எடுத்துக்கொண்டு வா. கரையான் அரித்துவிட்டது என்று கதை சொல்லாதே, அரித்த மிச்சத்தையாவது கொண்டு வா.

இப்படிக்கு
முருகேசன்