பெண்கள் பகுதியின் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகக் குழுவினருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். காயல்பட்டினத்துக்காரி, கிழக்கு லண்டனுக்கு வந்து 17 வருஷம் ஆகிறது. நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்து அனுப்பும் பெண்களில் நானும் ஒருத்தி. இதே விஷயமாகச் செயலாளர் காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். என் வீட்டுக்காரர் நேரிலும் வந்து பேசினார். “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்றீர்கள். “முடியாது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “இன்ஷா அல்லாஹ்” சொல்வது முறைதானா என்பதை உங்களில் ஓதிப் படித்தவர்கள் விளக்கினால் நல்லது. இனி எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பெண்கள் பகுதியைத் திறந்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அதை மூடியது ஏன் என்று எனக்கும் தெரியும். 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் முஸ்லிம் என்று ஒரு பொய் பரவி, மறுநாளே அந்த ஊர்ப் பள்ளிவாசலில் கல் விழுந்தது. அந்த வாரம் முழுக்க என் மகளை நான் பஸ் ஏறவிடவில்லை. “சகோதரிகளின் பாதுகாப்புக் கருதி, மறு அறிவிப்பு வரும்வரை பெண்கள் பகுதி மூடப்படுகிறது” என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்டதைப் படித்து நிம்மதியானவர்களில் நானும் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று வால்தம்ஸ்டோவில் இனவெறிக்கு எதிராக ஆயிரக்கணக்கான பேர், அதில் பலர் நம்மவர்கள்கூட இல்லை, தெருவை அடைத்து நின்றார்களே, அன்றைக்கு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. உங்களுக்கு இன்னும் விடவில்லை போலிருக்கிறது. கலவரம் ஓய்ந்தது, குளிர்காலம் போனது, நோன்பும் பெருநாளும் முடிந்தன. மறு அறிவிப்பை மட்டும் காணோம்.

இந்த ரமளானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு 16 வயது, மகனுக்கு 12. வாப்பாவுக்கு இரவு வேலை, வீட்டில் இருப்பது ஒரே கார். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு மகனை நான்தான் கொண்டுவந்து விட வேண்டும். போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிற தூரம் என்பதால் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் வழியில்லை. மார்ச் மாதம், முதல் பத்தில் ஓர் இரவு, நல்ல மழை. ரமளானிலாவது திறந்திருப்பீர்கள் என்று நம்பி மகளும் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டு கூட வந்தாள். வாசலில் மஞ்சள் சட்டை மாட்டிய தொண்டர் பையன். “ஆன்ட்டி, சிஸ்டர்ஸ் சைடு இல்லை. ஆம்பிளைங்களுக்கே இடம் பத்தலை” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். சின்ன வயதில் மதரஸாவில் என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஓதியவன் அவன். அவனைக் குறை சொல்லவில்லை, சொல்லச் சொன்னதைத்தான் சொன்னான்.

தம்பி உள்ளே போனான். நாங்கள் காருக்குத் திரும்பினோம்.

நீங்கள் உள்ளே குர்ஆனில் ஒரு ஜுஸ்உ, அதாவது முப்பதில் ஒரு பங்கு, ஓதி முடிக்கும்வரை அவள் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே தொழுதாள். செல்போனில் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்தாள். கார் நின்ற வாக்குக்கு அது ஜன்னல் பக்கம் வந்தது. கால்களை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். ருகூவுக்குக் குனியும்போதெல்லாம் ஜன்னலில் நெற்றி முட்டியது. மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்துவிட்டது. எட்டு ரகஅத் தொழுதுவிட்டு, மே மாதம் வரப்போகிற ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்கான வரலாற்றுப் புத்தகத்தைப் போன் வெளிச்சத்தில் விரித்தாள். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. பனித்த கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதேகாலுக்குத் தம்பி ஒரு பேப்பர் கப்பில் டீயும் ஒரு சமோசாவும் கொண்டுவந்தான். “ராத்தா, உனக்குத்தான்” என்று நீட்டினான். அவள் வாங்கவில்லை. “எனக்கு அங்கே இடமே இல்லையாம், சமோசா மட்டும் எதுக்கு?” என்றாள்.

அன்றோடு சரி. அடுத்த நாள் கூப்பிட்டேன், வரவில்லை.

ஒரு கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். என் மகன் இன்னும் பருவமடைந்து பாலிகாகவில்லை. தொழுகை அவன்மேல் கடமைகூட இல்லை. அவனுக்கு வாசல் திறந்திருக்கிறது. அவன் ராத்தா பாலிகானவள், ஐந்து வேளையும் கடமை. அவளுக்கு மூடியிருக்கிறது. எட்டு வயதில் உங்கள் ஹால் முழுக்க ஓடி விளையாடியவள்தான். பத்து வயதில் குர்ஆன் ஓதி முடித்தபோது மேடையேற்றிப் பதக்கம் போட்டதும் நீங்கள்தான். படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பெண் பிள்ளைக்குத் தொழுகை கடமையாகும் வயதும் பள்ளிவாசலில் இடம் இல்லாமல் போகும் வயதும் ஒன்று என்றால், அந்தப் பதக்கம் எதற்கு? பெரிய பெண்களுக்கான சனிக்கிழமை வகுப்பும் அந்த அறையில்தான் நடந்தது. அறையோடு சேர்ந்து அதுவும் போயிற்று.

“பெண்களுக்கு வீடுதான் சிறந்தது” என்ற ஹதீஸைச் சொல்வீர்கள். தெரியும், நானும் ஓதியவள்தான். அல்லாஹ்வின் அடியார்களான பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள் என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அவர்களுடைய மகனே “நாங்கள் தடுப்போம்” என்று எதிர்த்துப் பேச, அவர்கள் அவரை எப்படி ஏசினார்கள் என்பதும் முஸ்லிம் நூலிலேயே இருக்கிறது. வீட்டில் தொழுவதா, பள்ளியில் தொழுவதா என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும். கார் சீட் சிறந்தது என்று எந்த ஹதீஸிலும் நான் படித்ததில்லை.

எங்கள் ஊரைக் கட்டுப்பெட்டி ஊர் என்று இங்கே சிலர் கேலி பேசுவதுண்டு. அந்த ஊரில்தான் பெண்கள் கூடித் தொழ அவர்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. நான் பெரியவளான வருஷம் நோன்புக்கு என் உம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அங்கேதான். வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடமாட விட்ட முடுக்கு வழியாகப் போவோம். தொழுது முடித்தால் கதை, சிரிப்பு, வீடு திரும்ப மனசு வராது. லண்டனுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையக் கிடைக்கும் என்று நினைத்து வந்தோம். இதில் மட்டும் அங்கே எனக்குக் கிடைத்ததுகூட இங்கே என் மகளுக்கு இல்லை.

2024 ஏப்ரலில், தொழ அனுமதிக்காத வெம்பிளிப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் செய்த பயான் இன்னும் காதில் ஒலிக்கிறது. முற்றத்தில் பிளேசரை விரித்துத் தொழுத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. “தொழ ஓர் அறை தர மனமில்லையா?” என்று கேட்டீர்கள். பெண்கள் பகுதியில் ஸ்பீக்கர் வழியாக அதைக் கேட்டு நாங்கள் அழுதோம். அதே கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். என் மகளின் பள்ளிக்கூடத்தில், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து மக்ரிப் வந்துவிடுகிறது, மதியத் தொழுகையான லுஹரை மதிய இடைவேளையிலேயே தொழுதாக வேண்டும் என்று ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாம் நாள் புவியியல் வகுப்பறையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தலைமையாசிரியைக்கு நம் மார்க்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறக்கத் தெரிந்திருந்தது.

இடம் இல்லை என்கிறீர்கள். கட்டடம் வாங்க வசூல் நடந்தபோது என் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். வளையல் உள்ளே போக இடம் இருந்தது. நன்கொடை ஒரு பவுண்டுக்கு அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்ட் படிவத்தில் என்னைப் போல எத்தனை பெண்களின் கையெழுத்து இருக்கிறது என்று உங்கள் பொருளாளரையே கேட்டுப் பாருங்கள். வைட்சேப்பலில் வங்காளிச் சகோதரர்கள் பெண்களுக்காக மர்யம் சென்டரைக் கட்டி 2013-லேயே திறந்துவிட்டார்கள். ஒரு மாடியையா உங்களிடம் கேட்டோம்? இருந்த அறையைக் கேட்கிறோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மடக்கு நாற்காலியும் அரிசி மூட்டையும் பிரியாணி தேக்சாவும் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு இடம் பற்றியிருக்கிறது.

பிறை பார்த்த சண்டையில் பெருநாள் ஞாயிறா திங்களா என்று வாட்ஸ்அப்பில் 140 செய்தி போட நேரம் இருந்தது. “நம் இளைய தலைமுறை வழிதவறுகிறதா?” என்று கூட்டம் போட நேரம் இருந்தது. மேடையில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள், எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். பெண் பிள்ளைகள் டிக்டாக்கில் மார்க்கம் படிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்கள். வேறு எங்கே போய்ப் படிப்பார்கள், காக்கா?

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சிக்கு உங்களில் பலர் தூக்கம் விழித்து உழைத்ததை நானும் பார்த்தவள்தான். பணிவாகவே கேட்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் பெண்கள் பகுதியைத் திறந்துவிடுங்கள். பாதுகாப்புக்கு ஆள் வேண்டுமென்றால் முறை வைத்து நாங்களே வாசலில் நிற்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மூட்டைகளை ஓரமாக நகர்த்தி, கூட்டித் துடைத்து, கம்பளம் விரிக்க எட்டுப் பெண்கள் தயாராக இருக்கிறோம். என் மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவள் வந்தால்.

வஸ்ஸலாம்.
ஓர் உம்மா

பி.கு.: அந்த அறையின் சுவர் அலமாரியில் எங்களுடைய தொழுகைத் துப்பட்டிகள் பதினொன்று இருக்கின்றன. ஆகஸ்டிலிருந்து அப்படியே கிடக்கின்றன. அறையைத் திறக்கத் தாமதமானால், அவற்றையாவது எடுத்துக் கொடுங்கள். துவைக்க வேண்டும்.